மலைப்பாதையில் பேண வேண்டிய ஒழுக்கம்



விடுமுறை வந்துவிட்டால் கரையான்சாவடியிலிருந்து குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக ஏலகிரிக்குச் செல்வோர் நம்மில் உண்டு. அம்மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டிற்குச் சேலம் வழியே ஏறினால் 20, கொல்லிமலையிலோ 70. மலைகளின் அழகைக் கண்டு மகிழ்வது நல்லதே. ஆனால், ‘என் வண்டி ஆற்றல் மிக்கது, அது என்னைக் காத்துவிடும்’ என்று எண்ணுவது பெருந்தவறாகும்.

எஞ்சினின் ஆற்றல் மலையேற உதவும். இறங்கும்போதோ வண்டியின் பாரமே அதனைக் கீழே இழுக்கிறது. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். எனவே எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வேகத்தைத் தடுத்து நிறுத்தும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

உதகைக்கும் மசினகுடிக்கும் இடையிலுள்ள கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவுகள் உள்ளன. 2018ஆம் ஆண்டு சென்னையிலிருந்து சென்ற ஒரு கார் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்து ஐவர் மாண்டனர். சிந்தித்துப் பாருங்கள்! அவர்களும் மகிழ்ச்சியை நாடிச் சென்றவர்களே.

குறுகிய இடத்தில் ஏறிவரும் வாகனத்திற்கு இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். சரிவில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதால் சட்டமே இதனை வலியுறுத்துகிறது. விட்டுக்கொடுப்பது இழிவன்று.

சகோதரர்களே! உங்களோடு அமர்ந்திருக்கும் மனைவி மக்களும், எதிரே வருவோரும் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை மறந்துவிடாதீர்கள்!