கொங்கணக் கழிகளைக் கடந்து

வட ஐரோப்பாவிலுள்ள நார்வே நாட்டின் கடற்கரையைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். செங்குத்தான மலைகளுக்கிடையே கடல் நீண்டு உள்நாட்டினுள் புகுந்திருக்கும். இவற்றை அந்நாட்டார் ‘பியோர்டு’ என்பர். இவற்றுள் மிக நீண்டதாகிய சோக்னெ பியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், மிக ஆழமான இடத்தில் 1,300 மீட்டர் ஆழமும் உடையது. அக்கரையோரம் மோட்டார் வண்டியில் செல்வோர், சாலை முடியுமிடத்தில் வண்டியோடு படகிலேறி, எதிர்க்கரையில் இறங்கி, மீண்டும் சாலையைப் பிடிக்கின்றனர். அந்தப் பிரயாணத்துக்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அங்கே போகின்றனர்.

நம்மில் பெரும்பாலோருக்கு அது கைக்கெட்டாத காரியம். ஆனால் மும்பையில் வாழும் தமிழருக்கு வீட்டு வாசலிலேயே அதற்குத் தங்கை போன்ற ஒரு கரை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே கிடக்கும் கொங்கணத்தையே சொல்கிறேன்.

தங்கை என்று சொன்னேனே தவிர, இரண்டும் பிறந்த விதம் வேறு. நார்வேயில் மலையைக் குடைந்தது பனிப்பாறை. கொங்கணத்தில் பனிப்பாறை ஏது? மலையில் பிறந்த ஆறுகள், எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லை அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனியூழியின் முடிவில் கடல்மட்டம் உயரவே, அவற்றின் வாய்களில் கடல்நீர் புகுந்தது. இவற்றை மராத்தியர் ‘காடி’ என்பர். நாம் கழி என்போம். தாராவிக்கு அருகே மித்தி ஆறு கடலோடு கலக்கும் மாஹிம் காடியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து செல்லும் நமக்கு, தெற்கே அதன் உடன்பிறந்தவர்கள் எத்தகைய அழகோடு இருக்கின்றனர் என்பது தெரியாது.

எனக்கும் நெடுங்காலம் தெரியாது. மாட்டுங்காவில் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த என் தந்தையார், சென்னைக்குப் போகும் ரயில் பாதையைத் தவிர இம்மாநிலத்தில் வேறு வழி அறியாதவர். 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி இந்நகரில் எழுந்த நாட்களில், தெருவில் தமிழில் உரக்கப் பேசவும் அஞ்சியவர். அந்த அச்சத்தில் ஒரு பங்கை எனக்கும் விட்டுச் சென்றார். செம்பூரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ரத்னகிரி மாவட்டத்தைச் சேர்ந்த பெரியவர். நாங்கள் அவரைக் ‘காகா’ என்றே அழைப்போம். “எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள்” என்று பத்தாண்டுகளாக அழைத்தார். ஆண்டுக்கொரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். சென்ற மார்கழியில் காரணங்கள் தீர்ந்துபோயின. அவரை முன் ஆசனத்தில் அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு காரில் புறப்பட்டோம்.

பன்வேல், பேண், அலிபாக் வழியாக முருட் வந்தோம். கரைக்கு எதிரே, நாற்புறமும் நீர் சூழ, ஜஞ்சிராக் கோட்டை நிற்கிறது. தீவு என்று பொருள்படும் அரபுச் சொல்லே அதன் பெயராயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்தியர் அதை ஆண்டனர். மராட்டியர் பலமுறை முயன்றும் அது வீழவில்லை. அயலிலிருந்து வந்தவர்கள் இக்கரையில் வேரூன்றியதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமோ?

முருடைத் தாண்டி அகர்தண்டாவில் சாலை நின்றுவிடுகிறது. அங்கே காரோடு படகிலேறித் திகிக்குச் சென்றோம். இவ்வகைப் படகை இங்குள்ளோர் ‘ஜங்கல்’ என்கின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ளவனுக்கு ஒரு சொல் கிடைத்தால் சும்மா இருக்க முடிவதில்லை. இரட்டைத் தோணிக்குத் தமிழில் ‘சங்கடம்’ என்று ஒரு பெயர் உண்டு. மலையாளத்திலும் அதற்கு இனமான சொல் உண்டு. போர்த்துகீசியர் அதை ‘ஜங்காடா’ என்று எடுத்துக்கொண்டனர். கொங்கணத்து ஜங்கலும் அவ்வழியே வந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. இதைக் காகாவிடம் சொன்னேன். “அப்படியானால் நீங்கள் எங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டீர்கள்!” என்று சிரித்தார்.

அடுத்து ஹரிஹரேசுவரம். அதன் அருகே பாக்மண்டலாவில் மறுபடியும் படகு. அது சாவித்திரி நதியின் வாய். கிருஷ்ணை பிறக்கும் மஹாபலேசுவரத்திலேதான் சாவித்திரியும் பிறக்கிறது. ஆனால் கிருஷ்ணை கிழக்கே வங்கக் கடலை நோக்கி நெடுந்தூரம் நடக்க, இது மேற்கே விரைந்து இறங்கிவிடுகிறது. அதன்பின் ஹர்ணை, தாபோளி; பிறகு வாசிட்டி நதியின் முகத்திலுள்ள தாபோல். பாமினி, பீஜப்பூர் அரசர்களின் காலத்தில் பெயர்பெற்ற துறைமுகம் அது. 1508-இல் போர்த்துகீசியர் அதைச் சூறையாடினர். இன்று அங்கே மீன் வலைகள் காய்கின்றன. சில நிமிஷத்தில் படகு நம்மை எதிர்க்கரையில் விடுகிறது. கழியைச் சுற்றிப் போவதானால் நெடுநேரமாகும்.

குஹாகருக்கு அருகே காகாவின் வீடு. செம்புரைக்கல் சுவர், சரிந்த ஓட்டுக்கூரை, முற்றத்தில் துளசி மாடம். ஆனால் அத்தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. மும்பையின் பஞ்சாலைகளுக்குக் கைகொடுத்தது இந்தக் கொங்கணம். வேலைக்காக நகரம் சென்றவர்களுக்கு இங்கே ‘சாகர்மானி’ என்று பெயர். விநாயக சதுர்த்திக்கு அவர்கள் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்புவர். அந்நாட்களில் பூட்டுகள் திறக்கும். தொண்ணூறு வயதை நெருங்கிய காகாவின் தாயார் என் கையைப் பிடித்து மராத்தியில் கேட்டார்: “உங்கள் ஊர் வீட்டில் இப்போது யார் விளக்கேற்றுகிறார்கள்?”

திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் வீடு பூட்டிக் கிடந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. யாரும் ஏற்றவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த கையை மட்டும் நெடுநேரம் விடவில்லை. மாட்டுங்காவில் நாம் அயலாராக நின்ற காலமெல்லாம், நமக்கு எதிரே நின்றவருள் பலரும் நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களே என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. என் தந்தையாரை இங்கே அழைத்து வராமற் போனோமே என்று வருந்தினேன்.

மறுநாள் தவசாளில் நான்காவது கழியைக் கடந்து ஜயகட், கணபதிபுளே வழியாக ரத்னகிரி சேர்ந்தோம். பர்மாவின் கடைசி அரசர் தீபா வாழ்ந்த மாளிகை அங்கே இருக்கிறது. 1885-இல் நாடிழந்த அவரை ஆங்கிலேயர் முதலில் சென்னைக்கும், அங்கிருந்து 1886-இல் ரத்னகிரிக்கும் கொண்டுவந்தனர். 1916-இல் அவ்வூரிலேயே அவர் உயிர் நீத்தார்.

திரும்பும்போது உள்நாட்டு நெடுஞ்சாலையில் வந்தோம். மகாட் அருகே மீண்டும் சாவித்திரி. 2016 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, வெள்ளத்தில் அங்கிருந்த ஆங்கிலேயர் காலப் பழைய பாலம் இடிந்தது. ஜயகட்டிலிருந்து மும்பைக்கும், ராஜாபூரிலிருந்து போரிவலிக்கும் வந்துகொண்டிருந்த இரு அரசுப் பேருந்துகள் ஆற்றில் மறைந்தன. புதிய பாலம் 2017-இல் திறக்கப்பட்டது. அதன்மேல் செல்கையில் காகா கைகூப்பினார். நாங்களும் கூப்பினோம். பேருந்தில் ஊருக்கும் நகருக்குமாக அலைபவர் துயரம் நாம் அறியாததா?

மகாடுக்கு அருகே ராய்கட் கோட்டை இருக்கிறது. 1689-இல் சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கிருந்து தப்பி நமது செஞ்சிக்கு வந்தார். 1698 வரை செஞ்சி முற்றுகையைத் தாங்கிற்று. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. அன்று அடைக்கலம் தேடி வந்தவர்கள் அவர்கள். பின்னாளில் பிழைப்புத் தேடிப் போனவர்கள் நாம்.

நேயர்களே, நீங்கள் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் அதன் கிராமங்களை ஒருமுறை சென்று பாருங்கள். கொங்கணத்துக்கு வருவோர் கார்த்திகைக்குப் பின் மாசிக்குள் வருவது நன்று. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் நின்றுவிடும். கழிகளின்மேல் பாலங்கள் கட்டும் திட்டமும் இருக்கிறது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோருக்குப் பாலம் அவசியமே; அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் படகுகள் உள்ளபோதே ஒருமுறை கடந்து பாருங்கள். இயன்றால் அடுத்த வீட்டுக்காரரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.