திரும்பி வராதவர்களின் பெயர்கள்
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் கோவில் கட்டியவர்களையும், கல்லும் மண்ணும் சுமந்தவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். அது முறையே. இன்று நான் உங்கள் முன் வைப்பது வேறொரு கூட்டத்தாரைப் பற்றி. இப்பக்கத்துக் கோவில்களில் திருமுழுக்குப் பெற்று, கடல் கடந்து போருக்குப் போனவர்களைப் பற்றி. திரும்பி வராதவனுக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி இல்லை; அடக்கப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் இளவட்டங்கள் ஊரை விட்டுக் கிளம்புவார்கள். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போனது போலவே பட்டாளத்துக்கும் போனார்கள். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்தனர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாம் போரில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர்.

முதல் போருக்குப் பின் பல ஊர்களில் கல் பதித்தார்கள். "இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் துறந்தவர் இத்தனை பேர்" என்று அதில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் அதே கதைதான். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைவாரியாக எண்ணிக்கை மட்டும். இத்தகைய பாகுபாட்டை ஒப்புக்கொண்டு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஆணையத்தின் பட்டியலை இன்று கைபேசியிலேயே தேடலாம். ஆனால் தேடும் வழி தெரிய வேண்டும். விருதுநகர் மாவட்டம் என்று தேடினால் அகப்படாது. 1985 வரை நாம் இராமநாதபுரம் மாவட்டம். ஏட்டில் 'ராம்நாட்' என்றிருக்கும். சவரிமுத்து, சூசை, இஞ்ஞாசி, அருளப்பன் முதலிய பெயர்களை இராணுவ எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆகவே தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குத் திருமுழுக்குப் பதிவேடு துணை செய்யும்.

திருமணப் பதிவேடும் சாட்சி சொல்லும். கணவன் இறந்தான் என்பது உறுதிப்படாமல் கைம்பெண் மறுமணம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் தராது. தகவல் வராத வீட்டுப் பெண், தான் மனைவியா விதவையா என்று தெரியாமலே காலந்தள்ள வேண்டியதுதான். அவள் மறுமணம் செய்திருந்தால், முந்தின கணவனின் பெயர் அங்கே இருக்கும்.

வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டாளத்து விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதியச் சீட்டு, பழைய கடிதம் எதுவும் உதவும். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தில் விளிம்பைச் சுற்றிப் படை எண்ணும் பெயரும் பிரிவும் வெட்டப்பட்டிருக்கும். தயவுசெய்து அதைத் தட்டானிடம் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்! படை எண் கிடைத்தால், மதராஸ் ரெஜிமெண்டாயின் வெல்லிங்டனுக்கும், மதராஸ் சாப்பர் படையாயின் பெங்களூருக்கும் எழுதிக் கேட்கலாம்.

1944-இல் இத்தாலியில் தோழர்களைக் காக்கக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர் கொடுத்தவர், மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அவர் பெயரைக் காத்தது. பாலம் கட்டியவன், கோவேறு கழுதை ஓட்டியவன், சமைத்துப் போட்டவன் ஆகியோரின் பெயரை யார் காப்பது? பர்மாவில் தௌக்கியான் நினைவுத் தூண்களில் மட்டும் கல்லறை அறியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் உள்ளன. அதில் நம் பிள்ளைகள் உண்டா என்று பார்ப்பது நம் கடமை அல்லவா?

இரண்டு எச்சரிக்கைகள். கேள்விப்பட்டதைக் கேள்வி என்றே எழுதுங்கள். காலாளைக் கேப்டன் ஆக்க வேண்டாம். நேதாஜியின் படையில் சேர்ந்தவரையும் விட்டுவிட வேண்டாம். அவரையும் இதே மண்தான் பெற்றது.

இளைஞர் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கட்டும். வீட்டுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், படை எண் என நான்கு கட்டங்கள் போதும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், கிடைத்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். அன்று அவன் ஊருக்குத் திரும்பியவன் ஆவான்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!