அப்பத்துக்கு வேண்டியது கள்ளா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டிப் பூநகரியில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருத்தியை மேடையில் ஏற்றினால் அவள் சமையலைப் பற்றித்தான் பேசுவாள் என்று எங்கள் செயலாளருக்குத் தெரியும். ஆனாலும் "சமையலில் மதுசாரத்துக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்" என்று நான் தலைப்பைச் சொன்னதும் அவர் தொலைபேசியில் கேட்டார்: "ரீச்சர், எங்கட சமையலில எங்க மதுசாரம்? அது வெள்ளைக்காரரின்ர விஷயமெல்லோ?" நான் ஒரு சொல்தான் சொன்னேன்: "அப்பம்." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

என் வயதை ஒத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் அம்மா அரிசியை ஊறப்போட்டு இடிக்கத் தொடங்கினால் வீட்டில் ஒரு பிள்ளை வெறும் போத்தலோடு வெளிக்கிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். பூநகரியில் பனைக்குக் குறைவில்லை, கள்ளுக்கும் குறைவில்லை. தவறணையில் ஆண்கள் நிறைந்திருப்பார்கள். வாசலில் நின்று "அப்பத்துக்கு" என்று சொன்னால் போதும், யாராவது எழுந்து போத்தலை வாங்கி நிரப்பித் தருவார்கள். இன்று 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்க முடியாது. அந்தக் காலத்தில் "அப்பத்துக்கு" என்ற சொல் எல்லாக் கதவையும் திறந்தது.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டுக் கதை. இதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். அப்பாவின் தம்பி, எங்கள் சின்னையா, குடியை விட்டு எட்டு மாதம். ஊரில் கூட்டாளிமார் இழுப்பார்கள் என்று அப்பா அவரை எங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார். பகலில் வயலுக்குப் போவார், இரவில் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். அந்தச் சனிக்கிழமையும் நான் வழமைபோலக் கள்ளு வாங்கி வந்தேன். அம்மா மாவில் கலந்தது போக அரைப் போத்தல் மிஞ்சியது. அடுத்த நாளைக்கும் உதவும் என்று அதை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். விடிய எழும்பினால் போத்தல் வெறுமை. மத்தியானம் சின்னையாவைத் தவறணையில் இருந்து அப்பா கூட்டிக்கொண்டு வந்தார்.

அரைப் போத்தல் கள்ளு ஒரு ஆளை வெறியாக்காது. விட்டதைத் திரும்பத் தொடுவதற்கு அது போதும். அந்தப் போத்தலைக் கொண்டுவந்தவள் நான். அம்மா என்னை ஒரு சொல் ஏசவில்லை. தன்னைத்தான் ஏசிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இனி இந்தக் குசினிக்குள்ள கள்ளு வராது."

சொல்லிவிட்டார், சரி. அப்பம்? அடுத்த சனிக்கிழமை கள்ளு இல்லாமல் கரைத்த மா பொங்கவே இல்லை. சுட்டால் நடுவில் தடித்து, ஓரம் தோல்போல இழுபட்டது. ரொட்டியும் இல்லை, அப்பமும் இல்லை. தம்பி அழுதான். பிறகு அம்மா அப்பச்சோடாவைக் கூடப் போட்டுப் பார்த்தார். மா பொங்கியது, ஆனால் சவர்க்கார வாசம். ஒரு வருடம் எங்கள் வீட்டில் அப்பமே இல்லை.

நான் கல்லூரி விடுதிக்கு வந்தது அதன் பிறகு. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் வந்தது. நாங்கள் கேரதீவுக்குப் பாதையில் ஏறிக் கடந்து போன பிள்ளைகள். எங்களுக்கு மனையியல் படிப்பித்த ரீச்சரிடம் ஒருநாள் வகுப்பு முடிந்து தனியே போய்க் கேட்டேன்: கள்ளுக்குப் பதிலாக அப்பத்துக்கு என்ன போடலாம்? ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "கள்ளு அங்க என்ன வேலை செய்யுது எண்டு முதல் யோசி. ஆளை நிப்பாட்டினால் அவன் செய்த வேலையை இன்னொருத்தன் செய்யத்தானே வேணும்" என்றார்.

நாற்பது வருடம் நான் வகுப்பில் சொன்னதெல்லாம் இந்த ஒரு வசனத்தின் விரிவுதான். கள்ளு என்ன வேலை செய்கிறது? பாளையில் இருந்து வடிவது இனிப்பு நீர். முட்டியிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பக்ரீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. கள்ளை மாவில் விட்டால் மாவைப் பொங்க வைப்பது அந்த உயிருள்ள ஈஸ்ட். கள்ளில் நூற்றுக்கு நாலைந்து பங்கு இருக்கும் மதுசாரம் பொங்கும் வேலையில் கைகொடுப்பதே இல்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் போத்தலில் வாங்கியது ஈஸ்ட். மதுசாரம் கூடவே வந்தது.

சிலர் கேட்பார்கள், அப்படியென்றால் கருப்பணியை விடலாமே, அதுவும் பனையில் இருந்துதானே என்று. முட்டியில் சுண்ணாம்பு பூசுவதே அது புளிக்காமல் இருக்கத்தான். புளிக்க விடாததை ஊற்றி மாவைப் புளிக்கச் சொன்னால் எப்படி?

இனி முறையைச் சொல்கிறேன், எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பச்சையரிசி இரண்டு சுண்டு, நாலு மணித்தியாலம் ஊறவேண்டும். இடித்து அரித்த மாவில் மிஞ்சும் கப்பியை ஒரு கை அள்ளித் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். கள்ளு இல்லாத அப்பம் மெதுமையாக வருவது இந்தக் கப்பிக்கஞ்சியால்தான். கஞ்சி ஆறி, விரல் வைத்தால் இளஞ்சூடு மட்டும் தெரியவேண்டும். சுடுகஞ்சியை விட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். கூடுதலான பேருக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான். அரைக் கோப்பை இளநீரை மெல்லச் சூடாக்கி ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்தால் ஈஸ்ட் நல்லது. நுரைக்காவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்து இரவு மூடி வைத்தால் விடிய இரண்டு மடங்காகியிருக்கும். எங்கள் வெக்கைக்குச் சித்திரை மாதத்தில் ஐந்து மணித்தியாலமே போதும். உப்பும் தேங்காயின் முதற்பாலும் சுடும் நேரத்தில்தான் சேரவேண்டும்.

பூநகரியில் நின்றுகொண்டு மொட்டைக்கறுப்பனைச் சொல்லாமல் போனால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அரிசியில் பாதி மொட்டைக்கறுப்பன் பச்சையரிசியாக இருந்தால் அப்பம் செம்மை தட்டும், வாசமும் வேறு. முழுவதும் அதுவென்றால் கொஞ்சம் பாரம்.

ஈஸ்ட் கிடைக்காத காலமும் இருந்தது. இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தபோது பக்கத்துக் கொட்டிலில் ஒரு ஆச்சி, சுடும்போதெல்லாம் ஒரு அகப்பை மாவை மிச்சம் பிடித்து வைப்பார். அதை அடுத்த முறை புது மாவில் கலப்பார். எனக்கும் ஒரு சிரட்டையில் தந்தார். நான் இன்னொருவருக்குக் கொடுத்தேன். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். எத்தனை கொட்டிலுக்கு அந்த ஒரு அகப்பை போனதோ தெரியாது.

இங்கே ஒரு தங்கை முகத்தில் கேள்வி தெரிகிறது. ஈஸ்ட் போட்டாலும் மதுசாரம் வருமே? வரும். சிறிய அளவில் உண்டாகும், பாணிலும் உண்டாகிறது, சூட்டில் பெரும்பங்கு போய்விடும். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பாணைப் பார்த்து ஒருவருக்கும் குடிக்கும் நினைவு வராது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் போத்தல் கூப்பிடும். பிள்ளையைத் தவறணைக்கு அனுப்பவும் தேவையில்லை.

"சமைத்தால் எல்லாம் ஆவியாகிவிடும்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு சொல். மதுசாரம் 78 பாகையில் கொதிப்பது உண்மை. ஆனால் தண்ணீரோடும் மாவோடும் கலந்துவிட்டால் அது அவ்வளவு லேசில் விட்டுப் போகாது. அமெரிக்காவில் 1992 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சமைத்த உணவுகளை அளந்து பார்த்தார்கள். சமையல் முறையைப் பொறுத்து, சேர்த்த மதுசாரத்தில் நூற்றுக்கு 4 பங்கில் இருந்து 85 பங்குவரை மிஞ்சியிருந்தது. அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி கால் மணித்தியாலம் வெந்ததில் 40 பங்கு, ஒரு மணித்தியாலத்தில் 25 பங்கு மிஞ்சும். இரண்டரை மணித்தியாலம் வெந்தால்தான் 5 பங்காகக் குறைகிறது.

அதனால்தான் நத்தார் கேக்கைப் பற்றியும் சொல்ல வந்தேன். ரவை, கஜு, பூசணி இனிப்பு, இஞ்சிப்பாகு போட்டுச் செய்யும் எங்கள் நாட்டுக் கேக்குக்கு முந்திரிகை வற்றலையும் பழங்களையும் பிரண்டியில் வாரக்கணக்காக ஊறவைப்பார்கள். வெதுப்பும்போது அதில் பெரும்பங்கு போகலாம். வெதுப்பிய பிறகு மேலே ஊற்றுவது எங்கே போகும்? அந்தத் துண்டு அயல் வீட்டுச் சைவப் பிள்ளைக்கும் போகிறது, குடியை விட்டவர் வீட்டுக்கும் போகிறது.

இங்கேயும் அதே கேள்வி: பிரண்டி என்ன வேலை செய்கிறது? பழத்தை மெதுவாக்குகிறது, வாசத்தை இழுத்துத் தருகிறது, கெடாமல் வைக்கிறது. முதல் இரண்டு வேலைக்கும் ஒரு கோப்பை சாயம் கூடிய வெறுந்தேநீர், அரைக் கோப்பை தோடம்பழச் சாறு, அதன் தோலைத் துருவியது, இஞ்சிப்பாகு இரண்டு மேசைக்கரண்டி போதும். தேநீரின் துவர்ப்புத்தான் பிரண்டியின் காரத்துக்குக் கிட்ட வருவது. வெறும் சாறு மட்டும் என்றால் கேக் தித்திப்பாகவே நிற்கும். ஆனால் ஒரு இரவுதான் ஊறவேண்டும். பழச்சாற்றில் வாரக்கணக்காக வைத்தால் அது தானே புளித்து நீங்கள் தவிர்த்ததை உங்களுக்கே செய்து தந்துவிடும்! மூன்றாவது வேலையை, கெடாமல் வைப்பதை, இது செய்யாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். பிரண்டி எசென்ஸை நான் சொல்லமாட்டேன். வாசமே ஒருவரைக் கூப்பிடக் கூடும் என்று கண்டவள் நான்.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் தங்கைமார் வைனைப் பற்றிக் கேட்டார்கள். இறைச்சிக்கு விடும் சிவப்பு வைன் புளிப்பையும் பழ ருசியையும் தருகிறது. சிவப்பு முந்திரிகைச் சாற்றில் கொஞ்சம் வினாகிரி கலந்தால் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும். வினாகிரியும் கள்ளின் பிள்ளைதான். ஆனால் மதுசாரம் அமிலமாக மாறிவிட்ட பிள்ளை.

இவ்வளவும் சொன்னது சீவல் தொழிலுக்கு எதிராக என்று ஒருவரும் எடுக்கக்கூடாது. விடியமுன் பனையில் ஏறிய தகப்பனின் உழைப்பில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அதே பாளையில் இருந்து கருப்பணியும் பனங்கட்டியும் வருகின்றன. அப்பத்தின் நடுவில் ஊற்றப் பனங்கட்டிப் பாகு இருக்கும்போது சீனி எதற்கு? நான் சொல்வது கள்ளுப் போத்தல் அடுப்படிக்குள் வரவேண்டாம் என்பதுதான். எங்கள் கறி எல்லோருக்கும் பொதுவானது. யார் விட்டவர், யார் விடப் பாடுபடுகிறவர் என்று விருந்துக்கு வருகிறவரிடம் நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்ல மாட்டார்.

விடுதியில் இருந்து விடுமுறைக்கு வந்து அம்மாவுக்கு நான் இளநீரும் ஈஸ்டும் காட்டிக் கொடுத்தேன். முதல் அப்பத்தை அம்மா சின்னையாவுக்குத்தான் கொடுத்தார். அவர் அதற்குப் பிறகும் இரண்டு முறை விழுந்தார், மூன்றாம் முறை விட்டது விட்டதுதான். எங்கள் வீட்டில் கடைசிவரை இருந்தார். "முந்தின அப்பம் மாதிரி இல்லை" என்று சனிக்கிழமை தோறும் சொல்லிக்கொண்டே ஆறு சாப்பிடுவார்.

வெளியே தேநீருக்கு வைத்திருக்கும் அப்பம் நேற்று இரவு என் கையால் இதே முறையில் கரைத்தது. மா நன்றாகப் பொங்கியிருக்கிறது. ஓரம் மொறுமொறுப்புக் காணாது என்றால் மாவைக் குறை சொல்லாதீர்கள். சங்கம் வாங்கின தாச்சி புதுசு, இன்னும் பழகவில்லை.