வீட்டிலே செய்த டயர்



புதுச்சேரியின் வீதிகள் சைக்கிளுக்கென்றே போட்டவை போலத் தோன்றும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் வீதிகள் அவை. நான் பள்ளியில் படித்த 1960களில், ஆலைச் சங்கு ஊதும் வேளைகளில் அவ்வீதிகளெல்லாம் சைக்கிள் மணியோசையால் நிறைந்துவிடும். இன்று அந்தப் பழைய ஆலைகளின் சங்கு ஓய்ந்துவிட்டது. ஆயினும் அந்த ஒலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சைக்கிள் டயரின் நினைவும் கூடவே வருகிறது. அது கடையில் வாங்கிய டயர் அன்று. நானே வீட்டில் செய்த டயர். அதன் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் தந்தையார் ஆலையொன்றில் தறி ஓட்டுபவர். எங்கள் வீடு முத்தியால்பேட்டையில் இருந்தது. ஆலையோ ஊரின் தென்கோடியில். அவருடைய சைக்கிளின் பின் டயர் ஒருநாள் பக்கவாட்டில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. தீபாவளி போனஸ் வரும்வரை புது டயர் வாங்க வழியில்லை. அவர் நடந்தே ஆலைக்குப் போய்வரத் தொடங்கினார். இரவு முறை முடிந்து விடியற்காலையில் கால்களைத் தேய்த்துக்கொண்டு அவர் திண்ணையில் அமரும் காட்சி என்னை வருத்தியது. "ஒரு டயரை ஏன் நாமே செய்யக்கூடாது?" என்று எனக்குத் தோன்றியது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அந்த வயதில் தோன்றாத எண்ணம் எது?

பழைய கித்தான் துணியை வாங்கி இரண்டு மடிப்பாக நீளப் பட்டையாக வெட்டினேன். அதன் இரு ஓரங்களிலும் கட்டுக்கம்பியை வைத்து மடித்துத் தைத்தேன். சைக்கிள் கடையில் எறிந்த பழைய டியூப்களைச் சேகரித்து, வார்வாராக நறுக்கி, துணியின்மேல் சொலுஷன் தடவி அடுக்கடுக்காக ஒட்டினேன். பத்து நாள் வேலை. ரிம்மில் மாட்டி, அளவாகக் காற்றடித்து நிறுத்தியபோது பார்ப்பதற்கு அது டயராகவே இருந்தது. ஆங்காங்கே சுருக்கம் விழுந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. தந்தையார் அதனைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, காற்றை இன்னும் கொஞ்சம் அடித்துக்கொண்டு, அதன்மீதே ஏறிப் புறப்பட்டுவிட்டார்.

அவர் திரும்பி வந்தது நடுப்பகலில். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பெரிய கடைக்கு அருகில் ஒரு திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டு வெளியே வழுக்கியது. டியூப் பிதுங்கி வேட்டுப் போல வெடித்தது. அவர் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். எழுந்து மீதித் தூரம் நடந்து சேர்ந்தபோது ஆலைக் கதவு சாத்திவிட்டது. அன்றையக் கூலி போயிற்று. ஒரு நாள் கூலி என்பது எங்கள் வீட்டில் எத்தனை படி அரிசி என்பது எனக்குத் தெரியும். நான் அழுதேன்.

தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் விளக்கை ஏற்றித் திண்ணையில் வைத்து, பிய்ந்துபோன டயரை மடியில் போட்டுக்கொண்டார். "எங்கே தோற்றது என்று பார்ப்போம், வா தம்பி" என்றார். நான் கற்ற முதல் விஞ்ஞானப் பாடம் அந்தத் திண்ணையில்தான் தொடங்கியது.

முதலில் அவர் கண் சென்றது துணியின்மீது. தறிக்காரர் அல்லவா? "பாவு நூல் நீளவாட்டில் போகும்படி வெட்டியிருக்கிறாய். பாவும் ஊடையும் நேராக இருக்கும் துணி நீளாது. அதை வளைத்தால் சுருக்கந்தான் விழும். மூலைவாட்டில் வெட்டியிருந்தால் இழுத்த பக்கம் இழுபட்டிருக்கும்" என்றார்.

இதன் உண்மையைப் பின்னர் நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நம் ஊரில் வழங்கும் 28 அங்குலச் சைக்கிளில், டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தின் குறுக்களவு 63.5 சென்டிமீட்டர், அதன் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆனால் தரையைத் தொடும் மேற்புறத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் 23 சென்டிமீட்டர். ஒரே பட்டையின் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரு சாண் வேறுபாடு! நேராக வெட்டிய துணி இந்த ஒரு சாணுக்கு எங்கே போகும்? அதனால்தான் ஆலையில் செய்யும் டயரில் நூல்களை மூலைவாட்டில் படுக்க வைக்கிறார்கள். ஓர் அடுக்கு இடப்புறம் சாய்ந்தால், அடுத்த அடுக்கு வலப்புறம் சாயும். அன்றியும், பாவும் ஊடையுமாக நெய்த துணியில் நூல்கள் மேலும் கீழும் ஏறி இறங்கி ஒன்றையொன்று அறுக்கும். ஆகவே நெய்யாமல், நூல்களை வரிசையாகப் பரப்பி, இடையிலே ரப்பரை ஊட்டிவிடுகிறார்கள். டயர் என்றவுடன் நாம் ரப்பரை நினைக்கிறோம். உண்மையில் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் நூலே.

அந்த அழுத்தம் சிறிதன்று. பின்சக்கரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோ அழுத்தம் இருக்கிறது என்று கொள்வோம். ஏறியமர்ந்தவரின் பாரமும் சைக்கிளின் பாரமும் சேர்ந்து அச்சக்கரத்தில் 60 கிலோ விழுகிறது என்றால், அதைத் தாங்க ஏறத்தாழ 17 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் படிந்தால் போதும். அதாவது ஒரு தீப்பெட்டியின் மேற்புறம்! அவ்வளவு சிறிய இடத்தில்தான் என் தந்தையார் அன்று உயிரை வைத்துப் போனார்.

இரண்டாவது குற்றத்தைச் சைக்கிள் கடைக்காரர் கண்டுபிடித்தார். கம்பியை அளந்து பார்த்தவர், "ஒரு விரற்கடை அதிகம்" என்றார். ஒரு விரற்கடைதானே என்று நினைத்தேன். சுற்றளவில் 2 சென்டிமீட்டர் கூடினால் குறுக்களவில் 6 மில்லிமீட்டருக்குமேல் கூடும். டயர் ரிம்மைத் தாண்டி வழுக்குவதற்கு அந்த இடைவெளி போதாதா? மேலும், கட்டுக்கம்பி மெதுவானது, இழுத்தால் நீளும். டயரின் விளிம்பிலே இருப்பது நீளாத எஃகுக் கம்பி. டயரின் ஓரத்தில் நீளாத கம்பியை வைத்து, நடுப்பள்ளம் உள்ள ரிம்மில் அதை அமர்த்தும் முறையை 1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை செய்தார். கை வலிமையாலேயே டயரைக் கழற்றி மாட்ட நம்மால் முடிகிறது. காற்றடித்தபின் அதே டயர் கழலுவதில்லை. இந்த விந்தை அந்தக் கம்பியின் அளவிலும் அந்தப் பள்ளத்திலும் இருக்கிறது.

மூன்றாவது குற்றம் ரப்பரில். நான் அடுக்கடுக்காக ஒட்டிய வார்கள் கத்திரி வெயிலில் காய்ந்த சாலையில் பட்டதும் ஏடேடாகப் பிரிந்திருந்தன. "இவ்வளவு சொலுஷன் தடவியும் ஏன் ஒட்டவில்லை?" என்று நான் கேட்டபோது, அடுப்பங்கரையிலிருந்து அம்மா சொன்னார்: "சுட்ட தோசை இரண்டை ஒன்றாக ஒட்ட முடியுமா? மாவாக இருக்கும்போதே கலக்க வேண்டும்."

அம்மா ரப்பர்த் தொழிலைப் பற்றி ஒன்றும் அறியாதவர். எனினும் அவர் சொன்னது முற்றும் உண்மை. மரத்திலிருந்து வரும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டதைக் கண்டார். அது உருகவில்லை, பதப்பட்டது. இப்படிக் கந்தகத்தோடு வெந்த ரப்பர் பிறகு உருகாது. வேறொன்றோடு கலக்கவும் செய்யாது. ஆகவே டயர் செய்பவர் நூல், கம்பி, பச்சை ரப்பர் ஆகிய அனைத்தையும் முதலில் உருவாக்கி அச்சிலே வைத்து, கொதிநீரின் சூட்டைவிட மிகுந்த சூட்டில், அழுத்தத்தோடு ஒரே முறையில் வேகவைக்கிறார். அப்போதுதான் மூன்றும் ஒரே உடலாகின்றன. நான் எடுத்த டியூப்போ ஏற்கெனவே வெந்தது. இரவெல்லாம் பானையிலிட்டு வேகவைத்திருந்தாலும் பயன் இருந்திராது.

அந்த ரப்பருக்கும் தமிழருக்கும் உள்ள உறவையும் நீங்கள் மறக்கலாகாது. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகள் இலங்கைக்கும் பின்னர் மலாயாவுக்கும் வந்தன. மலாயாவில் காடு திருத்தித் தோட்டமாக்கி, விடியற்காலை இருளில் விளக்கோடு பால்வெட்டச் சென்றவர்களில் பெருந்தொகையினர் தமிழர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, அந்த ரப்பரும் நேச நாடுகளின் கையைவிட்டுப் போயிற்று. டயருக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு சிலர் ஓட்டியதைத் தம் இளமையில் கண்டதாகத் தந்தையார் சொல்வார். "நீயாவது துணியில் செய்தாய்" என்று சிரிப்பார்.

சரி, வீட்டில் யாருமே டயர் செய்து வெற்றி பெற்றதில்லையா? உண்டு. காற்றடைத்த டயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவரே அதை வீட்டில்தான் செய்தார். ஜான் பாய்டு டன்லப் என்பவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். கல் பாவிய தெருக்களில் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி அதிர்வதைக் கண்டு, மெல்லிய ரப்பர்த் தகட்டால் குழாய் செய்து, துணியால் சுற்றி, ஒரு மரச் சக்கரத்தில் ஆணியடித்துப் பொருத்தினார். இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது டன்லப்புக்குத் தெரியாது.

ஆனால் நண்பர்களே, டன்லப் அடுத்துச் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். மகனை உடனே வண்டியில் ஏற்றிவிடவில்லை. தம் வீட்டு முற்றத்தில், மகனுடைய வண்டியின் பழைய சக்கரத்தை ஒருமுறை உருட்டினார். தாம் செய்த காற்றுச் சக்கரத்தையும் அதேபோல உருட்டினார். பழையது பாதியில் சாய்ந்தது. புதியதோ முற்றத்தின் எல்லைவரை ஓடி, மோதித் திரும்பியது. அதன் பிறகே வண்டிக்கு டயர் செய்தார். 1888இல் மகன் அதில் ஏறினான்.

இதைப் படித்தபோது என் நெஞ்சு குறுகியது. எங்கள் வீட்டிலும் முற்றம் இருந்தது. என் டயரை நான் ஒருமுறைகூட உருட்டிப் பார்க்கவில்லை. நானே ஏறி வீதிமுனை வரையில் ஓட்டியிருந்தாலும் குற்றம் வெளிப்பட்டிருக்கும். செய்து முடித்த பெருமையில், சோதனையைத் தந்தையார் தலையில் சுமத்திவிட்டேன். துணியிலும் கம்பியிலும் ரப்பரிலும் செய்த பிழைகள் அறியாமையால் வந்தவை. இந்த நான்காவது பிழை அப்படிப்பட்டதன்று.

பிறகு என்ன செய்தோம் என்கிறீர்களா? தந்தையாரும் நானும் பழைய டயரையே எடுத்தோம். கடையில் கழித்துப் போட்ட வேறொரு டயரிலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டி, அதன் கம்பி விளிம்பை நீக்கி, ஓரங்களைச் சீவி மெல்லிதாக்கி, கிழிசலின் உட்புறத்தில் வைத்துத் தைத்தோம். இம்முறை முதலில் நான் ஏறினேன். கடற்கரை வரை போனேன், வந்தேன். மூன்று நாள் நானே ஓட்டினேன். அதன் பின்னரே தந்தையார் கையில் கொடுத்தேன். அந்த ஒட்டு, மெதுவாக ஓட்டிய அவரைத் தீபாவளி வரை சுமந்தது.

வீட்டில் செய்யத்தக்கது எது, ஆலையில் செய்யத்தக்கது எது என்பதை அப்போது உணர்ந்தேன். ஆலையும் ஒரு நாளில் முளைப்பதன்று. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார் கே. எம். மாமன் மாப்பிள்ளை. 1952இல் தேய்ந்த டயர்களுக்குப் புதுப்பட்டை இடும் ரப்பரைச் செய்தார். டயர் செய்யும் தொழிற்சாலை எழுந்தது 1961இல். பலூனுக்கும் டயருக்கும் இடையே 15 ஆண்டுகள்! நானோ பத்து நாளில் அதைத் தாண்ட நினைத்தேன். அந்த எம்.ஆர்.எப். நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை ஒன்று இன்று நம் புதுச்சேரிப் பகுதியின் ஏரிப்பாக்கத்திலும் இருக்கிறது.

மாணவர்களே, இதையெல்லாம் கேட்டு, செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடாதீர்கள். ஆனால் வீட்டில் செய்த டயரை மாட்டிக்கொண்டு இன்றைய நெரிசலில் இறங்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சிறு வேலை செய்யுங்கள். சைக்கிள் கடையில் கழித்த டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பெரியவர் ஒருவர் துணையோடு அதன் குறுக்கே ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் கம்பி மின்னும். சுவரில் நூல் மூலைவாட்டில் சாய்ந்திருக்கும். மேலே கறுத்த ரப்பர் பிரிக்க முடியாமல் பற்றியிருக்கும். தறிக்காரரின் அறிவும், கடைக்காரரின் அறிவும், அடுப்பங்கரையின் அறிவும் அந்த ஒரு வெட்டில் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் நாளை எதைச் செய்தாலும், அது டயராக இருக்கலாம், பாலமாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், முதலில் உங்கள் முற்றத்தில் உருட்டிப் பாருங்கள். நம்மை நம்பி ஏறுகிறவர், பெரும்பாலும், வேலைக்கு நேரமாகிவிட்ட ஒருவராகவே இருப்பார்.