பிள்ளை தங்காவிட்டால் இருவரும் போங்கள்
வெளிநாடு போய் உழைத்து, குடும்பத்தைக் கரையேற்றிவிட்டு, 36, 37 வயதில் கல்யாணம் முடிக்கிற பிள்ளைகள் நம்ம மடுல்சீமை லயங்களிலும் இருக்கிறார்கள். மூன்று மாதம் போகல்ல, பீலிக்கரையில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டுவிடுகிறோம். மாமியார்மார் கோவிக்க வேண்டாம், நாங்களும் கேட்டவர்கள்தான்.

35க்கு மேல் கரு தங்குவது குறையும், கலைவதும் கூடும். ஆகவே ஒரு வருஷம் காத்திராமல் ஆறு மாதத்திலேயே டாக்டரிடம் காட்ட வேணும். புருஷனும் கூடவே போக வேணும். குறை ஆண் பக்கமும் இருக்கலாம், விந்துப் பரிசோதனை சுலபமானது. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கினால் வீணாவது அவளுடைய காலம்.

கரு தங்குமுன்பே மிட்வைப் மிஸ்ஸிடம் போலிக் அமில மாத்திரை கேளுங்கள். சோறு தின்ற கையோடு சாயத்தண்ணி வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். கிளினிக் நாளில் பேர் போகுமென்று நிற்காதீர்கள். கங்காணியிடம் சொல்ல வெட்கமென்றால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.