ஒழுகும் வீடும் ஓனரின் தைரியமும்



வீடு தேடிப் போகும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, கறி சமைப்பீர்களா. நான் அதற்கு அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். எப்படியோ வீடு கிடைத்துவிட்டது. மழை பெய்தால் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது, ஈரச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. அப்போது என்ன செய்வது?

சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, தமிழ்நாடு 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணையே சொல்கிறது. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு நம் செலவு. ஸ்விட்ச் நம்முடையது, சுவருக்குள் ஓடும் ஒயர் அவருடையது. ஓனர்கள் இந்த இரண்டையும் வசதியாகக் குழப்பிவிடுவார்கள், கவனம். அவர் செய்ய மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். தகராறு என்னவாக இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் போகலாம். விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதெல்லாம் எழுத்து ஒப்பந்தம் போட்டு, அதை அதிகாரியிடம் பதிந்தவருக்குத்தான் எளிது. நம்மில் எத்தனை பேர் அப்படிப் பதிந்திருக்கிறோம்? அட்வான்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதுதானே வழக்கம்.

இன்னொன்று, சட்டப் புத்தகத்தில் இல்லாதது. நான் குடியிருந்த ஒரு வீட்டில் ஒயரிங்கை மாற்றச் சொன்னபோது, "சரிப்படலைன்னா காலி பண்ணிக்கங்க தம்பி" என்றார் ஓனர். கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டு. அந்தத் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? நான் காலி செய்தால் அந்தக் கேள்விகளை இன்னும் பத்து வாசலில் எதிர்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இடைநிலைச் சாதி நண்பனிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவன் மறுநாளே வேறு வீடு பார்த்திருப்பான். சுக்தேவ் தோரட்டும் அவரது குழுவினரும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதை மட்டும் காட்டவில்லை. கொடுத்தாலும் கூடுதல் நிபந்தனைகளோடு கொடுக்கிறார்கள் என்பதையும் காட்டியது. ஒழுகும் கூரையும் அப்படியொரு நிபந்தனைதான் என்கிறேன் நான்.

ஆகவே வாடகைச் சட்டத்தை மட்டும் படித்தால் போதாது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. இல்லையென்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு. இந்தப் பிரிவைச் சொன்னால் வழக்கறிஞர் நண்பர்களே சிலர் புருவம் உயர்த்துகிறார்கள்.

வாடகையை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கட்டுங்கள். பழுதை வாட்ஸ்அப்பில் படத்தோடு எழுதி அனுப்புங்கள், போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.