மாணவர் மன்றம் மாணவரிடமே இருக்கட்டும்

(கல்லூரி ஒன்றின் உயர்தர வகுப்பு மாணவர் ஒன்றியத்தின் ஆண்டுத் தொடக்கக் கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை.)



புதிய நிருவாகிகள் பொறுப்பேற்கும் இந்நாளில் வாழ்த்துரை கூறி அமர்ந்துவிடுவது எளிது. ஆனால், மன்றங்களைப் பற்றி நம் சமூகம் கொண்டிருக்கும் தவறான எண்ணம் ஒன்றைக் களையாமல் வாழ்த்து மட்டும் கூறிப் பயனில்லை. 'விவாதம் பேசினால் உயர்தரப் பரீட்சையில் ஒரு புள்ளியேனும் கூடுமா?' என்று பெற்றோர் கேட்கின்றனர். கூடாது, அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. பரீட்சை அளக்க முடியாத கல்வியும் உண்டு. பலர் ஓரிடத்திற் கூடி, மாறுபட்டுப் பேசி, ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவுக்குத் தாமே கட்டுப்படும் கல்வி அது. அதைக் கற்பிக்கும் வகுப்பறை மன்றமேயன்றி வேறில்லை.

நீதிமன்றத்திற் காண்பது

ஆலய பரிபாலன சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் வழக்குக்கு வரும்போது, அவற்றின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழில். பெரும்பாலும் அங்கே காண்பது பெருங் களவன்று. பொதுக்கூட்டம் உரிய காலத்திற் கூட்டப்படவில்லை. சென்ற கூட்டத்தின் அறிக்கை எழுதப்படவில்லை. கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படவில்லை. தேர்தலில் தோற்றவர் வெளியேறி, போட்டிச் சங்கம் ஒன்று அமைத்துவிட்டார். இவ்வளவுதான்! பட்டம் பெற்றவர்கள் நடத்திய சங்கங்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. பதினாறு வயதில் ஒரு முறையேனும் வாக்கெடுப்பில் தோற்று, மறுநாள் வென்றவனோடு சேர்ந்து கதிரை அடுக்கியவன் ஐம்பது வயதிற் சங்கத்தை இரண்டாக உடைக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

விவாதமும் அத்தகையதே. தான் நம்பாத பக்கத்தை ஏற்றுப் பேசும்படி பணிக்கப்பட்ட மாணவன், எதிரியிடமும் நியாயம் இருக்கக்கூடும் என்பதை உணர்கிறான். இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்ற சட்ட நெறியை அவன் சட்டக் கல்லூரிக்குப் போகாமலே கற்றுவிடுகிறான்.

வரலாறு கூறுவது

மாணவர் கூட்டம் என்றால் இளக்காரமாகக் கருதுவோர் யாழ்ப்பாணத்தின் வரலாற்றை நோக்குக. 1924 ஆம் ஆண்டில், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்று தொடக்கிய அமைப்பின் பெயர் என்ன? மாணவர் காங்கிரசு! அதுவே பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர் பெற்றது. 1927 இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது அந்த அமைப்பு. சாதி வேற்றுமைக்கு எதிராக மேடையிற் குரல் எழுப்பியதும் அதுவே. 1931 இல், டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அது கேட்டபோது, வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அம்முடிவு நன்றா தீதா என்பதை இன்றும் வாதிடலாம். ஆனால், மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய ஓர் அமைப்பு ஏழே ஆண்டுகளில் ஒரு மாகாணத்தின் அரசியலை அசைத்தது என்பதை எவர் மறுப்பார்?

பெயரளவில் மன்றங்கள்

இன்றைய நிலை என்ன? தமிழ் மன்றம், விஞ்ஞான மன்றம், சாரணர், முதலுதவிப் படை எனப் பட்டியல் நீளமானது. ஆயினும் பல பாடசாலைகளில் நிருவாகிகளை ஆசிரியர் நியமிக்கிறார். பேச்சை அவரே எழுதுகிறார். மாணவன் அதனை மனனஞ் செய்து ஒப்புவிக்கிறான். தலைவர் பதவி ஆண் பிள்ளைக்கு, எழுத்து வேலை பெண் பிள்ளைக்கு என்ற வழமையும் கலவன் பாடசாலைகளில் முற்றாக ஒழிந்தபாடில்லை. பாடசாலை மணி அடித்ததும் பிள்ளைகள் ரியூசன் கொட்டில்களை நோக்கித் துவிச்சக்கர வண்டியை மிதிக்கிறார்கள். தூர இடத்துப் பிள்ளைகளோ பஸ்ஸைத் தவறவிட அஞ்சி ஓடுகிறார்கள். மாலையில் நடக்கும் மன்றம் வசதியுள்ள சிலருக்கே உரியதாகிவிடுகிறது.

பெற்றோரை நான் குறை கூற வரவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான போட்டி எத்துணைக் கடுமையானது என்பதை யாவரும் அறிவோம். ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். 1931 இற் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது வாக்காளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 1959 இல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவரிற் பலர் பாடசாலைச் சீருடையைக் களையுமுன்பே அந்த வயதை எட்டிவிடுவர். நாட்டின் ஆட்சியாளரைத் தெரிவுசெய்யும் தகுதி பெற்றவருக்குத் தம் மன்றச் செயலாளரைத் தெரிவுசெய்யும் தகுதி இல்லை என்பது என்ன நீதி?

நான்கு வேண்டுகோள்கள்

ஆகவே நான்கு வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மன்றத்துக்கும் எழுத்திலமைந்த யாப்பு இருத்தல் வேண்டும். நிருவாகிகள் இரகசிய வாக்கெடுப்பால் தெரிவுசெய்யப்படுதல் வேண்டும். எந்தப் பதவியும் ஆண், பெண் இருபாலாருக்கும் திறந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கூட்ட அறிக்கையை மாணவச் செயலாளரே எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தத்துடன் ஏற்கச் செய்தல் வேண்டும். பொருளாளர் பத்து ரூபாய்க்கும் பற்றுச்சீட்டுக் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு பாடவேளையேனும் பாடசாலை நேரத்துக்குள்ளேயே மன்றங்களுக்கு ஒதுக்கப்படுதல் வேண்டும். அப்போதுதான் பஸ்ஸில் வரும் பிள்ளையும் பேச எழுவாள்.

நான்காவது, பொறுப்பாசிரியர் அருகே இருக்கட்டும். ஆனால் மேடையிலிருந்து இறங்கியிருக்கட்டும். மாணவர் தடுமாறுவர், கூட்டம் குழம்பும், ஒரு தீர்மானம் தவறாகவும் போகும். அடுத்த கூட்டத்தில் அதனை அவர்களே திருத்தட்டும். அந்தத் திருத்தமே பயிற்சி.

புதிய நிருவாகிகளே! உங்கள் பதவிக்காலம் ஓராண்டு. அடுத்த ஆண்டு பொறுப்பேற்போரிடம் நீங்கள் கையளிக்கப் போவது விருந்தின் புகைப்படங்களையா, ஒழுங்காக எழுதப்பட்ட அறிக்கைப் புத்தகத்தையும் தீர்ந்த கணக்கையுமா என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். அதனையும் கூடிப் பேசி, வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள்.